தாய்மொழி மேடை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளை அவரவர் வீட்டு மொழியில் மேடையேற்றிப் பேசவைக்கும் வேலையை ஏழெட்டு வருடமாகச் செய்துவருகிறேன். ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள்தான் வருகின்றன, கிட்டத்தட்ட அதே வரிசையில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிச் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

தாய்மொழி மேடைன்னா என்ன டீச்சர்? பேச்சுப் போட்டிதானே?

போட்டி கிடையாது. ஒரு மாணவர் தன் வீட்டில் புழங்கும் மொழியில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி, சக மாணவர்கள் முன் இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த மொழி தெரியாது. அவர்களும் உட்கார்ந்து கேட்கும்படி ஏற்பாடு செய்வதுதான் ஆசிரியரின் வேலை. பேசிய பிள்ளை திக்கியதா, மறந்ததா என்று நான் பார்ப்பதில்லை. எதிரே இருந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதை வைத்துத்தான் நிகழ்ச்சி தேறியதா சொதப்பியதா என்று சொல்வேன்.

பிப்ரவரி 21-லதான் வைக்கணுமா? ஏன் அந்தத் தேதி?

1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில், வங்க மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்க வேண்டும் என்று போராடிய மாணவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அன்றும் மறுநாளும் உயிர் போனது. அப்போது அந்த ஊர் பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியில் இருந்தது. உருது மட்டும் போதும் என்பது அரசின் நிலை. 1956 அரசியல் சட்டத்தில் வங்க மொழிக்கும் இடம் கிடைத்தது. கனடாவில் குடியேறிய வங்கதேசத்தவரான ரபீகுல் இஸ்லாம், தாய்மொழிகளுக்கென்று ஒரு உலக நாள் வேண்டும் என்று 1998-இல் ஐ.நா. பொதுச் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். 1999 நவம்பர் 17 அன்று யுனெஸ்கோ பிப்ரவரி 21-ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவிக்க, 2000 முதல் கொண்டாடப்படுகிறது.

தேதி உங்கள் விருப்பம். ஒரே நாளில் முப்பது பேரைப் பேசவிட்டால் எட்டாவது ஆளுக்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். வாரம் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு, பிப்ரவரி 21 அன்று அந்த மாணவர்களின் கதையை மட்டும் சொன்னால் போதும். பிள்ளைகளுக்கு அது ஒட்டும். சுட்டது மாணவர்களை என்று கேட்டதும் வகுப்பில் ஒரு அமைதி வரும்.

வீட்டுல அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி, அக்கம்பக்கத்துல இன்னொண்ணு. என் பையனுக்கு எது தாய்மொழின்னு எழுதறது?

'தாய்மொழி: ______' என்று ஒரே கோடு போட்ட படிவம்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். முதலில் கற்றது, நன்றாக வருவது, அதிகம் பேசுவது, 'இது என்னுடையது' என்று மனசு சொல்வது என்று நாலு விதமாகப் பார்க்கலாம். நாலுக்கும் பதில் வேறு வேறாக இருக்கலாம். நான் படிவத்தில் கேட்பது ஒன்றுதான்: 'வீட்டில் யாரிடம் எந்த மொழியில் பேசுவாய்?' ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: பாட்டியிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, நாய்க்குட்டியிடம் இன்னொன்று. நாய்க்குட்டியிடம் பேசும் மொழியில்தான் மேடையில் பேசினான்.

எந்த மொழி என்று முடிவு செய்வது பிள்ளை. பெற்றோர் ஆசைப்படலாம், அடம்பிடிக்கக் கூடாது.

எங்க மொழிக்கு எழுத்தே கிடையாது. அதுல எப்படி உரை தயார் பண்றது?

மேடைப் பேச்சுக்கு எழுத்து எதற்கு? சோமாலி மொழிக்கு அதிகாரப்பூர்வ எழுத்து வந்ததே 1972-இல்தான். அதற்கு முன்பே நீளநீளமான கவிதைகளைத் தலைமுறை தலைமுறையாக வாயால் சொல்லியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். உலகில் இன்று பேசப்படும் ஏழாயிரம் சொச்சம் மொழிகளில் எழுத்துப் பழக்கம் இல்லாதவை ஏராளம்.

வீட்டுப் பெரியவரிடம் பேசிக் காட்டச் சொல்லுங்கள். ஃபோனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுப் பழகட்டும். குறிப்பு வேண்டுமென்றால் ஐந்து சின்னப் படங்கள் வரைந்து கையில் வைத்துக்கொள்ளலாம். எழுதிவைத்துப் பேசுகிறவர்களைவிட இந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம்? எத்தனை வார்த்தை?

சின்ன வகுப்புக்கு ஒன்றரை நிமிடம், பெரிய வகுப்புக்கு மூன்று நிமிடம். வார்த்தைக் கணக்கு வேண்டாம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது தமிழில் ஒரே சொல்; வேறு மொழியில் அதுவே ஆறு சொல்லாக உடையும். எல்லா மொழிக்கும் பொதுவான அளவு கடிகாரம் மட்டும்தான்.

கேக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியலைன்னா அப்புறம் என்ன பிரயோஜனம்?

எல்லாரும் கேட்கிற கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. முதல் வருடம் நாங்கள் வரிக்கு வரி மொழிபெயர்த்தோம். ஒரு வாக்கியம் பிள்ளை, ஒரு வாக்கியம் மொழிபெயர்ப்பு. நேரம் இரட்டிப்பானது, பேச்சு துண்டுதுண்டாக நொறுங்கியது. அதைவிட மோசம், எல்லாருடைய கண்ணும் மொழிபெயர்ப்பவர்மேலேயே இருந்தது. பேசியவள் பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றாள்.

இப்போது செய்வது வேறு. பேசப்போகிறவருடைய நண்பர் ஒருவர் முதலில் வந்து நாலே வரியில் சாரத்தைச் சொல்வார். பிறகு பேச்சாளர் தானே மூன்று நான்கு சொற்களைக் கற்றுக்கொடுப்பார். கூட்டம் அவற்றை உரக்கத் திருப்பிச் சொல்லும். அதன் பிறகு மொழிபெயர்ப்பே கிடையாது, பேச்சு மட்டும். கூட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: தெரிந்த சொல் காதில் விழும்போது கை தூக்க வேண்டும். காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வங்க மொழி பேசும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் பற்றிப் பேசினான். நிஜமாகவே ஒரு டியூபும் தண்ணீர் வாளியும் கொண்டுவந்திருந்தான். டியூபை அமுக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தி, வாளியைக் காட்டி 'புத்புத்' என்றான். குமிழிக்கு அவன் மொழியில் அதுதான் சொல், தொடக்கத்தில் கற்றுக்கொடுத்த மூன்று சொற்களில் ஒன்று. ஹாலில் ஒரு கை விடாமல் மேலே போனது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்க் குழாயடியில் 'புத்புத்' சத்தம்தான். அவன் பேசியதில் நூற்றில் ஐந்து சொல் புரிந்திருக்கும். விஷயம் முழுக்கப் புரிந்தது.

தலைப்பு நீங்க குடுப்பீங்களா? 'என் மொழியின் பெருமை'ன்னு பேசலாமா?

அந்தத் தலைப்பை மட்டும் வேண்டாம் என்பேன். மூத்த மொழி, இனிய மொழி, செழுமையான மொழி என்று எந்த மொழியில் பேசினாலும் ஒரே உரைதான் வரும். அதையும் பெரியவர் யாராவது எழுதிக்கொடுத்திருப்பார். பிள்ளையின் குரல் அதில் இருக்காது. நம்மில் பலருக்கு இந்தச் சபலம் கொஞ்சம் அதிகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கையால் செய்கிற ஒன்றைப் பேசச் சொல்லுங்கள்: முடிச்சுப் போடுவது, பல்லாங்குழி மாதிரி ஒரு விளையாட்டு, குழந்தையைத் தூங்கவைப்பது. அல்லது வீட்டில் நடந்த ஒரு சண்டை. வேறு எந்த மொழியிலும் சொல்ல முடியாத ஒரு சொல் வீட்டில் புழங்கினால் அதுவே மூன்று நிமிடத்துக்குத் தாங்கும். அப்பா கோபத்தில் மட்டும் சொல்லும் ஒரு வார்த்தையை விளக்க ஒரு பெண் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. கடைசியில் அந்த முகத்தையே நடித்துக் காட்டிவிட்டாள்.

பாத்துப் படிக்கலாமா?

முதல் தடவை பேசுகிறவர் படிக்கலாம். ஆனால் முதல் வரியும் கடைசி வரியும் தாளைப் பார்க்காமல் வர வேண்டும். மேடையில் மறந்துபோவது பெரும்பாலும் முதல் பத்து வினாடிக்குள்தான்.

என் பொண்ணுக்கு நாங்க பேசறது எல்லாம் புரியும். ஆனா பதில் மட்டும் ஸ்கூல் மொழியிலதான் சொல்வா. அவ எப்படிப் பேசுவா?

குடிபெயர்ந்த குடும்பங்களில் இரண்டாம் தலைமுறைக்கு இது சர்வசாதாரணம். காது மொழி முழுசாக இருக்கும், வாய்க்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. 'ஏன் நம்ம மொழியில பேச மாட்டேங்குற' என்று ஆட்கள் நடுவில் வைத்துக் கேட்டால் இருக்கிற கொஞ்சமும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

ஆறு வாக்கியம் போதும். பாட்டியோ தாத்தாவோ ஃபோனில் சொன்ன ஒன்றை அப்படியே அவர்கள் குரலில் அவள் சொல்லட்டும்; நடுவில் விளக்கம் பள்ளி மொழியில் இருக்கட்டும். இரண்டும் கலந்து வந்தால் தவறென்று திருத்த வேண்டாம். இரண்டு மொழிக்காரர்கள் உலகம் முழுக்கக் கலந்துதான் பேசுகிறார்கள். அப்படிப் பேசும் பிள்ளை நடிப்பில் வெளுத்துக்கட்டும், பாருங்கள். வீட்டுப் பெரியவரின் இழுவையும் இருமலும் வரை வரும்.

வீட்டு மொழியை இப்படி வளர்த்துவிட்டா பள்ளி மொழி அடிபடாதா?

மூன்று நிமிடத்தில் எந்த மொழியும் அடிபடாது. ஆனால் கேள்விக்குப் பின்னால் இருக்கிற பயம் நிஜமானது, அதனால் சரியாகவே பதில் சொல்கிறேன். கனடாவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒரு மொழியில் ஊன்றிய சிந்தனைத் திறனும் வாசிப்புத் திறனும், அடுத்த மொழியோடு போதிய பழக்கம் இருந்தால், அதற்கும் கைகொடுக்கும் என்பது அதன் சாரம். இருமொழிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பிள்ளைக்குக் கற்பிக்க உகந்தது தாய்மொழி என்று யுனெஸ்கோ அறிக்கை 1953-லேயே சொல்லிவிட்டது.

மேடையைப் பொறுத்தவரை நான் கண்ணால் பார்ப்பது இதுதான். எங்கே நிறுத்துவது, யாரைப் பார்ப்பது, எதை முதலில் சொல்வது, சிரிப்பு வந்தால் காத்திருப்பது, இவை எந்த மொழிக்கும் சொந்தமில்லை. வீட்டு மொழியில் ஒருமுறை வாய் திறந்த பிள்ளை அடுத்த மாதம் பள்ளி மொழியில் கேள்வி கேட்கக் கை தூக்கும். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். பலர் அப்படித்தான்.

பரிசு இல்லைன்னா யாரு பேசுவா? மார்க்காவது போடலாமே?

யார் போடுவது? தெலுங்கும் அரபியும் நேபாளியும் பேசிய மூன்று பேரில் யாருடைய உச்சரிப்பு சுத்தம் என்று சொல்ல எந்த நடுவருக்கு வாயிருக்கிறது? தெரிந்த மொழிக்கு மதிப்பெண் கூடும், தெரியாத மொழிக்குக் குறையும், அவ்வளவுதான் நடக்கும். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பிப் பாருங்கள்.

ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கேட்டவர்களுக்குக் கொடுங்கள். நல்ல கேள்வி கேட்ட மாணவருக்கு, அடுத்த வாரப் பேச்சாளரை மேடையில் அறிமுகம் செய்யும் வாய்ப்பு.

டீச்சருக்கே தெரியாத மொழி. பிள்ளை ஏதாவது ஏடாகூடமா பேசிட்டா?

இந்தக் கவலை தலைமையாசிரியர்களுக்கு. பேசுகிறவர் சாரத்தை முன்கூட்டியே பள்ளி மொழியில் எழுதித் தருவார் (மேலே சொன்ன நாலு வரி அதுவேதான்). அந்த மொழி தெரிந்த இன்னொருவர், மூத்த மாணவரோ வேறொரு பெற்றோரோ, ஒத்திகையை ஒருமுறை கேட்பார். ஃபோனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி முடிவெடுக்காதீர்கள். சின்ன மொழிகளில் அது உளறும். அதன் உளறலுக்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டிவரும்.

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை கெட்ட வார்த்தை வந்தது. அது எங்கள் பள்ளி மொழியில்தான் வந்தது, மைக் விழுந்தபோது.

அவங்க ஊர் உடுப்பு போட்டுட்டு வரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். தானாகப் போட்டுவந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். உடை கட்டாயம் என்றால் எல்லாரும் உடையைத்தான் பார்ப்பார்கள்.

எங்க பள்ளியில காது கேளாத பிள்ளைங்க ரெண்டு பேர். அவங்க மொழியும் இதுல சேருமா?

சேரும். சைகை மொழி என்பது பேச்சு மொழியைக் கையால் காட்டுவது அல்ல. தனி இலக்கணம் உள்ள மொழி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் அமெரிக்கச் சைகை மொழிக்காரருக்குப் பிரிட்டிஷ் சைகை மொழி புரியாது. பிரெஞ்சுச் சைகை மொழிதான் அதற்கு நெருங்கிய உறவு. செப்டம்பர் 23-ஐ சர்வதேசச் சைகை மொழிகள் நாளாக ஐ.நா. 2018 முதல் கடைப்பிடிக்கிறது. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951-இல் தொடங்கிய நாள் அது.

ஏற்பாட்டில் சில மாற்றங்கள். பேச்சாளரின் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் ஒன்றும் தெரியாது. மொழிபெயர்த்துக் குரல் கொடுப்பவர் பார்வையாளர் பக்கம் உட்காரட்டும், மேடையில் நிற்க வேண்டாம். ஏன் என்பது வரிக்கு வரி மொழிபெயர்த்த கதையில் இருக்கிறது. கைதட்டலுக்குப் பதில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுவதைப் பிள்ளைகளுக்கு முன்பே பழக்குங்கள்.

எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரே மொழிதான். எங்களுக்கு இது தேவையா?

எல்லாரும் ஒரே மாதிரியா பேசுகிறார்கள்? தமிழையே எடுத்துக்கொண்டால், எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. மேடை என்றதும் வீட்டுப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு 'அவையோர்களே, ஆன்றோர்களே' என்று தொடங்குகிறோம். அரபி மொழிக்காரர்களுக்கும் இதே கதைதான். வீட்டில் பேசுகிறபடியே மேடையில் ஒருமுறை பேசவிட்டுப் பாருங்கள். எத்தனை பேச்சு வழக்குகள் என்று உங்களுக்கே தெரியும்.

'அது தனி மொழியே இல்ல, எங்க மொழியோட கொச்சை'ன்னு ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்தார். என்ன சொல்லணும்?

மொழி எது, வழக்கு எது என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்வதில்லை. அன்றாடப் பேச்சில் இந்தியும் உருதும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். எழுத்து வேறு, பெயர் வேறு, இரண்டு மொழி. செர்பியமும் குரோவாசியமும் அப்படித்தான். அந்தச் சண்டையைப் பள்ளி ஹாலில் வைத்துத் தீர்க்க முடியாது.

எங்கள் விதி: பிள்ளை தன் மொழியை என்ன பெயரால் சொல்கிறதோ அந்தப் பெயர்தான் அறிவிப்புப் பலகையில். 'எங்க பாட்டி பேச்சு' என்று ஒருத்தி எழுதிக் கொடுத்தாள், அப்படியே போட்டோம். சண்டைக்கு வந்தவரை அடுத்த வாரம் கேட்பவராகக் கூப்பிடுங்கள். என் அனுபவத்தில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் வரவில்லை.

வேற மொழியில பேசினா ஃபைன் போடுற ஸ்கூல்தான் எங்களது. அதே ஸ்கூல் வருஷத்துல ஒரு நாள் தாய்மொழி நாளும் கொண்டாடுது. இதுல கலந்துக்கிறதா வேண்டாமா?

பழைய தண்டனைதான், பேர் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதிப் பள்ளிகளில், அந்த ஊர் மொழியான வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். வேறு யாராவது வெல்ஷ் பேசி மாட்டினால் அது அவன் கழுத்துக்குப் போகும். பள்ளி விடும் நேரத்தில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிரான்சின் பிரித்தானி பகுதியிலும் இதே ஏற்பாடு இருந்தது. காட்டிக்கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டதுதான் அதில் கொடுமை.

கலந்துகொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் நிர்வாகத்திடம் போய் அபராதத்தைப் பற்றிப் பேசுங்கள். சிறுபான்மை மொழிக் குழந்தை தன் சமூகத்தாரோடு தன் மொழியைப் பேசும் உரிமையை 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. இடைவேளையில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதற்கு அபராதம் போட்டுவிட்டு மேடையில் மாலை போடுவதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். கேட்டுப் பாருங்கள், சொல்லும்.

அவ மொழி வகுப்புல வேற யாருக்கும் தெரியாது. 'நீ பேசும்மா'ன்னா 'எனக்கு அந்த மொழி வராது'ன்னு பொய் சொல்றா. என்ன பண்றது?

விட்டுவிடுங்கள். இதை நான் தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை, பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, காலைக் கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டு 'உன் மொழியில் ஒரு வணக்கம் சொல்லு' என்றேன். எனக்குத் தெரியாது டீச்சர் என்றாள். முதல் நாள் சாயங்காலம்தான் வாசலில் அவள் அம்மாவிடம் அந்த மொழியில் மடமடவென்று பேசியதைக் கேட்டிருந்தேன். பிறகு ஒரு மாதம் வாசலிலும் அவள் வாய் திறக்கவில்லை. அம்மாவைக் கண்ணால் அவசரப்படுத்தி இழுத்துக்கொண்டு போவாள்.

மறைப்பதற்குக் காரணம் இருக்கும். முந்தைய இடத்தில் கேலி பட்டிருக்கலாம். அந்த மொழி பேசியதற்காகவே ஊரைவிட்டு வந்த குடும்பமாக இருக்கலாம். காரணத்தைத் தோண்ட நமக்கு உரிமையில்லை. இப்போதெல்லாம் பெயர் கொடுப்பவர்கள் மட்டும்தான். கொடுத்த பெயரை அன்று காலைகூட எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். கேலி செய்கிறவர்கள் விஷயத்தில் இந்தத் தாராளம் கிடையாது. உச்சரிப்பை நக்கலடித்தால் அன்றே கூப்பிட்டுப் பேசுவோம்.

வீடியோ எடுத்து குரூப்ல போடலாமா?

பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மேலே சொன்ன மாதிரிக் குடும்பங்களுக்கு முகம் வெளியே தெரிவதே ஆபத்தாக முடியலாம். குரலை மட்டும் பதிவு செய்து வீட்டுக்குக் கொடுத்தால் தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டி கேட்பார்கள்.

அந்த நாள் முடிஞ்சதும் எல்லாம் பழையபடி ஆயிடுதே?

ஆகிவிடும். எங்களிடம் தங்கியது ஒரே ஒரு பழக்கம். மேடையேறும் ஒவ்வொருவரும் தன் பெயரை வீட்டில் கூப்பிடுகிறபடி முதலில் சொல்வார், நாங்கள் பதிவு செய்துகொள்வோம். ஜூன் மாதம் வருகைப் பதிவு எடுக்கும் புது ஆசிரியருக்கு அந்தப் பதிவுதான் முதலில் போகிறது. நான் மூன்று வருடமாகத் தப்பாகவே கூப்பிட்டுவந்த ஒரு பையனின் பெயர் அதில்தான் எனக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன். 'நீங்க கேக்கலையே டீச்சர்' என்றான்.